சர்க்கார் மணி

—என் பேர அந்தச் செவத்தப் புஸ்தகத்துல மட்டும் எழுதப்பிடாது, வைத்தியரே. கை போனாலும் போகட்டு.

—ஓய், சூசை உபதேசியாரே, மொதல்ல கைய வெந்நியில முக்கும். கெளுத்தி முள்ளுக்க வெஷம் சூட்டுக்குத்தான் அடங்கும்னு நாலு மட்டம் சொல்லியாச்சு. கோயில்ல ஊருக்கெல்லாம் மந்திரம் சொல்லிக் குடுக்கேரு, நான் சொல்லுத ஒரு வார்த்தை உம்ம காதுல ஏறல்லியே.

—பொள்ளுதே! கெளுத்தி குத்தினப்பகூட இப்பிடி வலிக்கல்ல.

—வலிக்காட்டா எதுக்குவேய் காலத்த ஏழு மணிக்கு வந்து கதவ இடிச்சேரு? எட்டு மணி பஸ்ஸு போச்சு. தக்கலையில ஆபீசர் எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு. குளோரி! இன்னொரு செம்பு வெந்நி கொண்டா. அப்பிடியே அந்தச் செவப்புப் புஸ்தகத்தையும் எடு.

—வெந்நி இந்தா இருக்கு, டாக்டரே. புஸ்தகத்த நான் தொட மாட்டேன். மாமா மயங்கி விழுந்துட்டாருன்னா, பொறவு அதுக்கும் நாமதான் வைத்தியம் பாக்கணும்.

—கேட்டேரா வைத்தியரே, எனக்க அக்காளுக்க மவ பேசுத பேச்சு! நெய்யூர்ல போயி நர்ஸுப் படிப்பு படிச்சாலும் தாய்மாமன்னு ஒரு இது வேண்டாமா?

—பின்னே இல்லாமலா, மாமா? அதனாலதான் கொதிக்கக் கொதிக்க ஊத்தாம கொஞ்சம் ஆத்திட்டு ஊத்தினேன்.

—ரெண்டு பேரும் சும்மா இருங்க. உபதேசியாரே, ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாமக் கேளும். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒண்ணாச் சேந்து மூணு வருசமாச்சு. இதுக்குள்ள சர்க்கார் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தது ஒரு மட்டந்தான். தாலுக்காவுல நாலு டாக்டர் வீட்டப் பொறுக்கி எடுத்து ஆறு மாசம் பரீட்சை வச்சிருக்கான். பாம்பு கடிச்சவன், பனையில இருந்து விழுந்தவன், கடல்ல முங்கினவன், பேறுகாலத்துல ரத்தம் போறவ, ஆரா இருந்தாலும் பெரியாஸ்பத்திரி போய்ச் சேருதுக்கு முன்னே இங்க வரலாம். வர முடியாட்டா நான் போவேன். அதுக்குத்தான் அந்த மண்ணெண்ணெய் ஐஸ்பெட்டி. உள்ள பென்சிலின், வெஷ முறிவு ஊசி, ரத்தம் நிக்க ஊசி எல்லாம் இருக்கு. இதெல்லாம் என் வீட்டுக்கு எதுக்குத் தந்தான்? கடக்கரை பக்கத்துல இருக்குங்கதுக்காக. இன்னையோட ஆறு மாசம் முடியுது. புஸ்தகத்துல முப்பத்தெட்டு பேரு. அதுல கரையில இருந்து வந்தவன் எத்தனை பேருங்கேரு?

—எனக்கு எப்பிடித் தெரியும்?

—ஒண்ணு. ஒரே ஒரு ஆளு. அதும் ததேயுஸ்.

—அந்தப் பேர எங்கிட்ட சொல்லாதேயும்!

—கைய எடுக்காதேயும் வேய், தண்ணி முழுக்க எம்மேல தெறிக்கு! ததேயுஸ்னா உமக்கு ஏன் இந்தத் துள்ளலு?

—எல்லாம் அந்த மணியில வந்த வினை, டாக்டரே. மணி வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா.

—சொன்ன, குளோரி. ஏன்னு சொன்னியா? சர்க்கார் ஆர்டர்ல என்ன போட்டிருக்கான்? அவசரத்துக்குப் போறப்ப முன்னால ஒரு ஆளு கைமணி அடிச்சிட்டுப் போணும், வண்டிக்காரன் வழி விடணும். பித்தளை மணி, மரப்பிடி, பெட்டியில வச்சு முத்திரை குத்தி அனுப்பியிருக்கான். நான் சுசீந்திரத்துக்காரன். மணி கேட்டா நடை தொறந்தாச்சுன்னு துண்ட இடுப்புல கட்டத்தான் எனக்குத் தெரியும்.

—கரையில மணி கேட்டா அது வேற, வைத்தியரே. சாகக் கெடக்கவனுக்கு சாமியார் நன்மை, அதான் கடைசி அப்பம், கொண்டு போவாரு. அவருக்கு முன்னால ஒருத்தன் மணி அடிச்சிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டா தெருவுல நிக்கவன் நின்ன எடத்துல முட்டுக்குத்துவான். உள்ள கெடக்கவனுக்கு தனக்க கணக்கு முடிஞ்சுன்னு தெரிஞ்சு போவும். பதினோரு வருசமா அந்த மணிய அடிக்கவன் நான். எனக்குத் தெரியாதா?

—அதும் வெறும் மணியா வந்துதா, மாமா? டாக்டருக்கு வெள்ளக் கோட்டு. எனக்கு வெள்ளச் சேல. வெயிலுன்னு சொல்லி டாக்டரு குடை வேற விரிச்சுட்டாரு. சாமியார் வாறதுக்கும் குடை உண்டு. கேக்கணுமா?

—எனக்கு என்ன தெரியும், குளோரி? வாசலுக்கு வாசல் சனம் முட்டுக்குத்தி நெத்தியில குருசு போடுது. ஒரு வயசான அம்மை கண்ணத் தொடச்சிட்டு என்னக் கும்பிடுதா. 'அட, டாக்டருக்கு இம்புட்டு மரியாதை குடுக்க ஊரா இது'ன்னு நானும் நெஞ்ச நிமுத்திட்டுப் போறேன்!

—சிரிப்பு வருதா உமக்கு? அந்தப் பய ததேயுஸுக்கு ஒரு சொக்கேடும் இல்ல. கரமடி வலை இழுக்கையில வெயில்ல தல சுத்தி விழுந்தவன். மூஞ்சியில ரெண்டு கை தண்ணி அடிச்சா எழும்பியிருப்பான்.

—நான் அதத்தான் செய்யப் போனேன். அதுக்குள்ள அவன் கண்ணத் தொறந்தான். மணி, வெள்ளக் கோட்டு, குடை. 'சாமி, வந்துட்டேரா'ன்னு என் கையப் புடிச்சான். நான் ஸ்டெதஸ்கோப்ப காதுல மாட்டுதுக்குள்ள மூணு பாவம் சொல்லி முடிச்சுட்டான்.

—வீடு நெறய ஆளு, மாமா! ஒருத்தரும் அனங்கல்ல. பொஞ்சாதிக்க கம்மல வித்தது, மச்சினனுக்க வள்ளத்துல ஓட்டை போட்டது, ஒண்ணொண்ணா வருது. நான் அவரு வாயப் பொத்தப் போறேன், டாக்டரு 'பேசட்டும், மூச்சு நல்லா வருது'ங்காரு.

—கடைசியில எனக்கது. சொல்லு மக்கா, அதையும் சொல்லு. 'சூசைக்க மடிய அறுத்து விட்டது நான்தான், சாமி.' நான் வாசப்படியில நிக்கேன். பதினோரு வருசம்! அந்த மடிய அறுத்தது சொறாவுன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சொறாவுக்கு நான் போட்ட சாபம் கொஞ்சமா நஞ்சமா? மடி போச்சு, கடலு வேண்டாம்னு கோயிலுக்கு உபதேசியாராப் போனேன். எல்லாத்துக்கும் காரணம் கூடப் பொறந்தவன் மாதிரி வளந்தவன்.

—சரி, அவன் செத்தா போயிட்டான்? எழும்பி நடக்கான்லா.

—அதுதானே வைத்தியரே கேடு! செத்திருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். இவன் மறுநாளு கடலுக்குப் போயிட்டு வந்து, எங்கிட்ட 'சூசை அண்ணே, சாளை வேணுமா'ங்கான்!

—பின்னே, டாக்டரே, கரையில உள்ள ஆம்பிளைக முழுக்க பேடிச்சுப் போனானுவ. மணி வந்தா சாவு வரும், சாவு வராட்டா உள்ள இருக்கதெல்லாம் வெளிய வரும்னு. ஒருத்தனுக்கு நெஞ்சு அடச்சாலும் சுக்கு இடிச்சுக் குடிச்சிட்டுக் கெடக்கான், இங்க வர மாட்டேங்கான்.

—அது மட்டுமா? இந்த மனுசன் கோயில் முத்தத்துல நின்னு என்ன பேசினாரு? நீரே சொல்லும் வேய்.

—பேசினேன். 'அந்தக் கோட்டு மணிய எவன் தனக்க வீட்டுக்கு வரவழைக்கானோ, அவன் வீட்டு அடக்கத்துக்கு மந்திரம் சொல்ல நான் வர மாட்டேன்'னு பேசினேன். கோவத்துல பேசினது.

—கோவத்துல பேசினாலும் கரை முழுக்க கேட்டுப்போட்டு, மாமா. அதுக்குப் பொறவு டாக்டரு மணியும் வேண்டாம், கோட்டும் வேண்டாம், சைக்கிள்ல சும்மா வாறேன்னு எத்தனை வீட்டுல சொல்லிப் பாத்தாரு. ஒருத்தன் கதவு தொறக்கணுமே.

—இப்பம் அந்த மணியும் இல்ல. தாழ்வாரத்துல ஆணியில தொங்கினது, பத்து நாளாக் காணல்ல. தக்கலையில ஆபீசர் என்னக் கண்டதும் மொதல்ல புஸ்தகத்தக் கேப்பாரு, பொறவு சர்க்கார் சாமானக் கேப்பாரு. ததேயுஸ் எடுத்து கடல்ல எறிஞ்சிருப்பான்னு எனக்கு ஒரு சம்சயம்.

—அவன் எடுக்கல்ல.

—அது எப்பிடி வேய் அடிச்சுச் சொல்லுதேரு?

—அவன் எடுத்திருந்தா இதுக்குள்ள ஆருகிட்டயாவது சொல்லியிருப்பான், வைத்தியரே. இப்பம் அவனுக்கு வாயில பூட்டு நிக்க மாட்டேங்கு.

—அதும் ஒள்ளதுதான். கையக் காட்டும், பாக்கட்டும். வீக்கம் கொறையுது. சரி, ஒம்பதரை பஸ்ஸுக்காவது நான் போறேன். ஆபீசர நேர்ல கண்டு கையக் காலப் புடிச்சு இன்னும் ஆறு மாசம் நீட்டித் தாரும்னு கேட்டாதான் உண்டு. குளோரி, நீ கட்டு போட்டு விடு.

—போகாதேயும், வைத்தியரே! எரியுது! தோளு வரைக்கும் ஏறுது! நீரு இருக்கணும்.

—இப்பந்தான் கொறயுதுன்னு மொகத்துல தெரிஞ்சுது?

—மொகத்த நம்பாதேயும். இரும். இன்னும் கொஞ்ச நேரம் இரும்.

—மாமா, நானும் காலத்த இருந்து பாக்கேன், நீங்க டாக்டர விட்டாலும் சன்னல விட மாட்டிய போல. அங்க என்ன இருக்கு?

—காத்து வருது மக்கா, அதான்.

—காத்து இருக்கட்டு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா? கோவப்படப்பிடாது.

—செல்வியப் பத்தின்னா கேக்காத.

—உங்க மவளப் பத்தித்தான். பேறுகாலத்துக்கு இன்னும் இருபது நாளுதான் இருக்கு அவளுக்கு. போன வருசம் மாதிரி ஆனா என்ன செய்யப் போறிய? அவ மாப்பிள்ள சிலுவை அண்ணன் மறுபடியும் கடல்ல இருப்பாரு. நாளைக்கு இந்த ஐஸ்பெட்டி லாரியில ஏறிட்டுன்னா, ரத்தம் நிக்க ஊசிக்கு அவளத் தூக்கிட்டு நீங்க எத்தனை மைலு ஓடணும்?

—ஓடினேன்லா மக்கா? மறந்தா போச்சு? கட்டில்ல வச்சு நாலு பேரு சுமந்தானுவ, நான் பொறத்தால ஓடினேன். கட்டில்ல இருந்து சொட்டுச் சொட்டா மணல்ல விழுந்துட்டே வந்துது. அவ பொழச்சா. பிள்ளைய நான்தான் எனக்க துண்டுல பொதிஞ்சு எடுத்தேன். ஊருல எத்தனை சாவுக்கு மந்திரம் சொன்னவன், எனக்க பேரப்பிள்ளைக்கு ஒரு வாக்கு நாக்குல வரல்ல.

—உபதேசியாரே.

—என்ன?

—அந்தக் கட்டில் இந்த வாசல்லதான் நின்னுது. உமக்கு ஓர்மை இருக்கா?

—வைத்தியரு வெளிய வந்து நாடி பாத்தேரு. சீக்கிரம் கொண்டு போங்கன்னு சொன்னேரு.

—வேற என்ன சொல்ல? அந்தப் பெண்ணு என் கையப் புடிச்சுட்டா. விட மாட்டேங்கா. என் கையில ஒரு ஊசி இல்ல. ஊசி வச்சுக்கிட ஒரு ஐஸ்பெட்டி இல்ல. நானே அவ வெரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன். அன்னைக்கு சாயங்காலம் உக்காந்து சர்க்காருக்கு மொத மனு எழுதினேன். பதினாலு மனு எழுதினேன், வேய். பாம்புக்கடின்னு எழுதினேன், பனைன்னு எழுதினேன். மனசுல இருந்தது அந்தக் கட்டில் ஒண்ணுதான்.

—இத எங்கிட்ட சொல்லவே இல்லியே, வைத்தியரே.

—எங்க சொல்ல விட்டேரு? என்னக் கண்டா எதிர் வரிசையில நடக்கேரு.

—மாமா, இப்பமாவது உங்க பேர எழுதட்டு. உபதேசியாரே வந்துட்டாருன்னு கண்டா கரை முழுக்க வரும். ஆபீசருக்கும் காட்ட ஒரு பேரு கூடுதலாக் கிட்டும்.

—வேண்டாம். கெளுத்தி முள்ளு ஒரு அவசரமா? பொய் எழுதி நீட்டி வாங்கினா அது வெளங்காது மக்கா.

—கெளுத்தி வெஷம் அவசரந்தான், அதுல பொய் இல்ல. ஆனா வேற ஒரு இடத்துல பொய் நாறுது, உபதேசியாரே. எடது கைய விரியும். இந்தா பாரு குளோரி. மீன் துள்ளிக் குத்தினா வெரல்ல கீறும், மணிக்கட்டுல கீறும். இது உள்ளங்கை நடுவுல நேரா எறங்கியிருக்கு. அதும் ரெண்டு மட்டம்.

—வயசாச்சு வைத்தியரே. கை நடுங்குது.

—மாமா, நீங்க கடலுக்குப் போயி பதினோரு வருசமாச்சு. கெளுத்தி உங்க வீட்டுக்கு நடந்தா வந்துது?

—வாங்கினேன்.

—எதுக்கு?

—கொழம்பு வைக்க.

—வீட்டுல மாமி கெளுத்திய சட்டிக்குள்ள போட விட மாட்டாளே? நாத்தம்னு சொல்லி தெருவுல எறியிறவளாச்சே?

—ஏட்டி, நீ நர்ஸா போலீஸா?

—ரெண்டும்தான். சொல்லுங்க மாமா. எதுக்கு வாங்கினிய?

—சும்மா இரு மக்கா. கொஞ்சம் சத்தம் போடாத.

—ஏன், என்ன கேக்கு?

—ஒண்ணும் கேக்கல்ல. கேக்கப்பிடாதுன்னுதான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்.

—இரு குளோரி. எனக்கும் என்னமோ கேக்கு. சாமியார் ஆருக்கோ நன்மை கொண்டு போறாரு போலிருக்கு.

—சாமியார் நேத்தே கோட்டாத்துக்குப் போயாச்சு, டாக்டரே. கோயில் மணிக்க சத்தமும் இது இல்ல. இது... இது நம்ம மணியாக்கும்!

—சன்னல்ல பாரு! எங்க இருந்து வருது?

—கரையில இருந்து, டாக்டரே. கட்டில்! நாலு பேரு சுமந்துட்டு வாறானுவ. தெரு நெறய சனம். ஒருத்தரும் முட்டுக்குத்தல்ல, எல்லாரும் கூடவே ஓடி வாறாங்க. முன்னால மணி அடிச்சிட்டு வாறது... மாதாவே, ததேயுஸ் மாமா!

—உபதேசியாரே, எங்க எழும்புதேரு? செம்பு மறிஞ்சு போச்சு பாரும். இரும்வேய்!

—மவளுக்கு அவசரம் வந்தா வழி வேணும்னு மணிய எடுத்தது நான்தான், வைத்தியரே. பத்து நாளா அவ கட்டிலுக்கு அடியில இருந்துது. இன்னைக்கு வெளுக்க முன்னே அவளுக்கு வலி வந்துது. இது சும்மா வலி, நாளு கெடக்குன்னு பொம்பிளைக சொன்னாளுவ. எனக்கு மனசு கேக்கல்ல. நீரு எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிருவேருன்னு குளோரி நேத்து சொன்னா. உம்ம புடிச்சு நிறுத்த எனக்கு வேற வழி தோணல்ல. கெளுத்திய வாங்கி நானே குத்திக்கிட்டேன்.

—அட சவமே! ரெண்டு மட்டமா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போவேனா?

—கோயில் முத்தத்துல நின்னு அம்புட்டு பேசினவன், எந்த வாயால சொல்ல? அவ நல்லபடியா வீட்டுல பெத்துட்டான்னா மணிய ஆருக்கும் தெரியாம உம்ம ஆணியில கொண்டு மாட்டிருவோம்னு நெனச்சேன். மானம் பாத்துட்டேன், வைத்தியரே. பெத்த பிள்ளைய வச்சுக்கிட்டு மானம் பாத்துட்டேன்.

—மாமா, அஞ்சு மாசமா மொகத்துல முழிக்காத ததேயுஸ் மாமா கையிலயா மணியக் குடுத்திய?

—வேற ஆருகிட்ட குடுக்க, மக்கா? காலத்த அவன் வீட்டு நடையில போயி நின்னேன். வலி முத்தி ரத்தம் கண்டா மணிய அடிச்சிட்டு அவளக் கொண்டு வான்னு சொன்னேன். அந்த மணி கேட்டபொறவும் உசிரோட எழும்பி நடந்தவன் கரையில அவன் ஒருத்தன்தானே.

—குளோரி, ஐஸ்பெட்டியத் தொற. ரத்தம் நிக்க ஊசி ரெண்டையும் எடு. அடுப்புல தண்ணி வை, மேசைய இப்பிடித் தள்ளு. உபதேசியாரே, அழாதேயும். இந்த மட்டம் அவ கைய நான் விட மாட்டேன். போயி ரெண்டு கதவையும் விரியத் தொறந்து வையும், கட்டில் உள்ள வரட்டும்.

—தொறந்தாச்சு, வைத்தியரே. அந்தச் செவத்தப் புஸ்தகம் எங்க? எழுதுத கைக்கு ஒண்ணும் ஆகல்ல, நானே எழுதுதேன்: சகாயசெல்வி, உபதேசியார் சூசைக்க மவ, அவசரம்.